சாணத்தில் ஓடும் பஸ்!

கரிசல் காட்டுக்கு அது லாபமா, நஷ்டமா?

கொள்ளிவாய்ப் பிசாசைப் பற்றிக் கேள்விப்படாதவர் யார்? இருட்டு வேளையில், தண்ணீர் தேங்கிக் கிடக்கும் சதுப்பில் திடீரென்று ஒரு சுடர் தோன்றும். கொஞ்ச தூரம் ஓடுவதுபோல் தெரியும். பிறகு மறைந்துவிடும். பார்த்தவர் மறுநாள் காய்ச்சல் கண்டு படுத்துக்கொள்வார். பூசாரி வந்து வேப்பிலை அடிப்பார்.

அந்தப் பிசாசு இப்போது பஸ் ஓட்டுகிறது என்றால் நம்புவீர்களா?

நம்பத்தான் வேண்டும்! சேற்றுக்குள் இலை தழை அழுகும்போது ஒரு வாயு கிளம்புகிறது. அது தீப்பற்றுவதே இந்தச் சுடருக்குக் காரணம் என்று விஞ்ஞானிகள் பலர் கருதுகிறார்கள். அந்த வாயுவின் பெயர் மீதேன். மாட்டுச் சாணத்தைக் காற்றுப் புகாமல் மூடி வைத்தாலும் இதே வாயு கிடைக்கிறது. அதைச் சுத்தம் செய்து, அழுத்தி, சிலிண்டரில் அடைத்துவிட்டால் கார் ஓடும், லாரி ஓடும், பஸ்ஸும் ஓடும்.

தீப்பெட்டிக்கும் கடலை மிட்டாய்க்கும் பேர் போன கோவில்பட்டியிலிருந்து மதுரைக்கு, சாண வாயுவில் ஒரு பஸ் போய்வர முடியுமா? முடியும். ஆனால் அதற்கு எத்தனை மாடு வேண்டும்? எவ்வளவு தண்ணீர் வேண்டும்? சாணத்தை பஸ்ஸுக்குக் கொடுத்துவிட்டால் காட்டுக்கு எதைப் போடுவது? கரிசல் சம்சாரி இந்த மூன்று கேள்விகளையும் கேட்காமல் விடமாட்டார். அவருக்குப் பதில் சொல்லிப் பார்ப்போம்.

ஏரியில் வந்த குமிழி

மின்சார பாட்டரியைக் கண்டுபிடித்த வோல்டாவை எல்லோருக்கும் தெரியும். 1776-ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டு மஜ்ஜோரே ஏரிக்கரையில் அவர் சேற்றைக் கம்பால் கிளறினார். குமிழி குமிழியாக வாயு வந்தது. அதைப் பிடித்துக் கொளுத்தினார்; எரிந்தது. மீதேன் வாயுவின் கதை அங்கேதான் தொடங்குகிறது.

நம் நாடும் இதில் பின்தங்கிவிடவில்லை. பம்பாய் மாதுங்காவில் இருந்த தொழுநோயாளர் விடுதியில், 1897-லேயே கழிவிலிருந்து வாயு எடுத்து விளக்கு எரித்தார்கள். பிறகு அதைக் கொண்டே ஒரு எஞ்சினையும் ஓட்டினார்கள். 1939-ல் டில்லி விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் எஸ்.வி. தேசாய் என்ற விஞ்ஞானி மாட்டுச் சாணத்தை வைத்துச் சோதனை செய்தார். 1950-களில் ஜஷ்பாய் படேல் என்பவர் மிதக்கும் இரும்புத் தொப்பி வைத்த சாண எரிவாயுக் கலத்தை அமைத்து, அதற்குக் ‘கிராமலட்சுமி’ என்று பெயர் வைத்தார். அதுவே பின்னால் கதர்க் கமிஷன் மூலம் கிராமம் கிராமமாகப் பரவியது.

அப்போதெல்லாம் இந்த வாயு அடுப்போடு நின்றது. ரோட்டுக்கு வரவில்லை.

யுத்த காலத்துக் கரி பஸ்

பெட்ரோல் இல்லாமல் பஸ் ஓடுவது நமக்குப் புதிதும் அல்ல. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பெட்ரோலுக்குக் கடுமையான ரேஷன். பஸ்களின் பின்பக்கத்தில் அண்டா போன்ற ஒரு அடுப்பைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அதில் மரக்கரியைப் போட்டு, கிளீனர் விசிறியைச் சுற்று சுற்று என்று சுற்றுவார். புகை வாயு குழாய் வழியே எஞ்சினுக்குப் போகும். வண்டி முக்கி முனகிப் புறப்படும். மேடு வந்தால் பிரயாணிகள் இறங்கித் தள்ளவேண்டியதுதான்! மதுரை டி.வி.எஸ். நிறுவனத்தார் இதற்கென்றே ‘கேஸ் பிளாண்ட்’ செய்து கொடுத்தார்கள்.

கரி பஸ்ஸில் ஓடியது வேறு வாயு. அது கரி அரைகுறையாக எரிவதால் வருவது, விஷம் நிறைந்தது. யுத்தம் முடிந்து பெட்ரோல் தாராளமாகக் கிடைத்ததும் கரி பஸ் போன இடம் தெரியவில்லை. சாண வாயு அப்படி அவசரத்துக்குச் செய்த ஏற்பாடு அல்ல. சுத்தம் செய்துவிட்டால், இன்று ஆட்டோக்களும் கார்களும் போட்டுக்கொள்ளும் சி.என்.ஜி. என்ற இயற்கை வாயுவுக்கும் இதற்கும் எஞ்சின் வேற்றுமை பார்ப்பதில்லை.

அடுப்பு வாயு, வண்டி வாயு

கலத்திலிருந்து வரும் சாண வாயுவை அப்படியே வண்டியில் போட முடியாது. ஏன்?

அதில் நூற்றுக்கு 55 முதல் 65 பங்குதான் மீதேன். மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு. அது எரியாது, சும்மா இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும். கொஞ்சம் கந்தக வாயுவும் உண்டு. அழுகிய முட்டை நாற்றம் அடிப்பது அதுதான். எஞ்சினையும் சிலிண்டரையும் அரித்துத் தின்றுவிடும்.

ஆகவே முதலில் கந்தக வாயுவை இரும்புத் துரு போன்ற பொருள்களின் வழியே செலுத்தி நீக்குகிறார்கள். பிறகு அழுத்தத்தில் வாயுவைத் தண்ணீரில் கழுவுகிறார்கள். சோடாவில் கரைவதுபோலக் கரியமில வாயு தண்ணீரில் கரைந்து போய்விடும். வேறு முறைகளும் உண்டு. கடைசியில் கிடைப்பதில் நூற்றுக்கு 90 பங்குக்கு மேல் மீதேன் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தர விதி.

அதோடு வேலை முடியவில்லை. சமையல் கேஸ் கொஞ்சம் அழுத்தினாலே திரவமாகிவிடும். மீதேன் அப்படி மசியாது. அதைத் திரவமாக்க, பூஜ்யத்துக்குக் கீழே 160 டிகிரிக்கும் அதிகமான குளிர் வேண்டும். அதனால் வாயுவாகவே வைத்து, காற்று மண்டலத்தின் அழுத்தத்தைப்போல் 200 மடங்குக்கு மேல் அழுத்தி, கனத்த சிலிண்டரில் அடைக்கிறார்கள். வீட்டுக் கலத்திலிருந்து ஒரு டியூப் வைத்து மோட்டார் சைக்கிளில் நிரப்பிக்கொள்ளலாம் என்று யாரும் கிளம்பிவிடக்கூடாது!

முட்டை ஊர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இதைப் பார்க்க விரும்புகிறவர்கள் நாமக்கல்லுக்குப் போகவேண்டும். லாரியும் கோழியும் பிழைப்பாக உள்ள ஊர் அது. தினமும் கோடிக்கணக்கில் முட்டை வெளியே போகிறது. முட்டை போய்விடும், கோழி எச்சம் எங்கே போகும்? மலை மலையாகக் குவிந்தது.

நாமக்கல் மாவட்டம் புதுச்சத்திரத்தில், இந்தியன் ஆயில் நிறுவனம் பங்குகொண்ட ஒரு ஆலை ஜெர்மன் முறையில் அமைந்தது. கோழி எச்சத்தையும் மற்றக் கழிவுகளையும் மக்கவைத்து முதலில் மின்சாரம் எடுத்தார்கள். பிறகு வண்டி வாயு தயாரிப்பில் இறங்கினார்கள். ஆலையின் சக்தி நாளொன்றுக்கு 15 டன். 2020-ல் நாமக்கல், சேலம் பகுதி பங்க்குகளில் அந்த வாயு விற்பனைக்கு வந்தது. லாரிக்குப் பேர் போன ஊரிலேயே, கோழி எச்சம் வண்டிக்குத் தீனியாகிவிட்டது!

மத்தியப் பிரதேசத்தில் உள்ள இந்தூர் நகரம் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக்கு வீடு ஈரக் குப்பையைத் தனியே வாங்கி, நாளொன்றுக்கு 550 டன் வரை மக்கவைக்கும் ஆலையை 2022 பிப்ரவரியில் பிரதம மந்திரி திறந்துவைத்தார். சுமார் 17 ஆயிரம் கிலோ வாயு எடுக்கும் சக்தி அதற்கு உண்டு. அந்த வாயுவில் நகர பஸ்கள் ஓடுகின்றன.

ஸ்வீடன் தேசத்து லிங்ஷொப்பிங் நகரில் பஸ்கள் பல ஆண்டுகளாக இப்படித்தான் ஓடிவருகின்றன. 2005-ல் அங்கே ரயிலையே இந்த வாயுவில் ஓட்டிக் காட்டினார்கள். இங்கிலாந்தில் 2014-ல் ஒரு பஸ் விடப்பட்டது. மனிதக் கழிவிலிருந்தும் உணவுக் கழிவிலிருந்தும் எடுத்த வாயுவில் அது ஓடியது. ஐந்து பேர் ஒரு வருஷத்தில் கழிப்பதைக் கொண்டு 300 கிலோமீட்டர் போகலாம் என்று கணக்குச் சொன்னார்கள். அந்த பஸ்ஸில் ஏறியவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்ளவில்லை. சுத்தம் செய்த வாயுவில் நாற்றம் ஏது?

முந்நூறு மாடு கட்டிய பஸ்

இனி நம் ஊர்க் கணக்குக்கு வருவோம்.

ஒரு மாடு நாளொன்றுக்குச் சுமார் 10 கிலோ சாணம் போடும். ஒரு கிலோ வண்டி வாயு எடுக்க ஏறக்குறைய 60 கிலோ சாணம் வேண்டும். அதாவது ஆறு மாடு சேர்ந்து ஒரு நாளில் கொடுப்பது ஒரு கிலோ வாயு. ஒரு ஆட்டோ அதைக் கொண்டு 30 கிலோமீட்டர் ஓடிவிடும்.

பஸ் பெரிய வயிற்றுக்காரன். கிலோவுக்கு 4 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கோவில்பட்டியிலிருந்து மதுரை சுமார் 100 கிலோமீட்டர். போய்வர 50 கிலோ வாயு. அதற்கு 3,000 கிலோ சாணம். அதற்கு 300 மாடு!

ஒரு மாட்டு வண்டியை இரண்டு காளைகள் இழுத்தன. ஒரு பஸ்ஸை, கண்ணுக்குத் தெரியாமல், முந்நூறு மாடுகள் இழுக்கவேண்டியிருக்கிறது.

முந்நூறு மாடு பெரிய விஷயமா என்று தோன்றலாம். ஒரு காலத்தில் இல்லைதான். அப்போது கரிசல் காட்டில் சம்சாரி என்றால் தொழுவத்தில் ஒரு ஜோடி உழவு மாடாவது நிற்கும். டிராக்டர் வந்தது; காளைகள் சந்தைக்குப் போயின. இப்போது டிராக்டரையே வாயுவில் ஓட்டலாம் என்கிறார்கள். டீசலிலிருந்து அழுத்த வாயுவுக்கு மாற்றிய டிராக்டர் ஒன்றை 2021 பிப்ரவரியில் டில்லியில் மத்திய மந்திரி நிதின் கட்கரி அறிமுகம் செய்தார். மாட்டைத் துரத்திய டிராக்டர், மாட்டுச் சாணத்துக்குக் கை நீட்டுகிறது. காலத்தின் வேடிக்கை!

சாணம் குப்பை அல்ல

நாமக்கல் கோழி எச்சமும் இந்தூர்க் குப்பையும் ஊருக்குப் பாரமாக இருந்தவை. எடுத்துக்கொண்டு போனால் போதும் என்று மக்கள் நினைத்தார்கள். கரிசலில் கதை அப்படி அல்ல. இங்கே சாணம் மண்ணின் சோறு.

கரிசல் மண் ஈரத்தைப் பிடித்துவைக்கும் வல்லமை உடையது. ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்து வைத்துக்கொண்டு, தை வரை பயிரை வளர்க்கும். ஆனால் தழைச்சத்தும் மக்கும் அதில் குறைவு. ஆகவேதான் நம் பெரியவர்கள் கோடையில் வண்டி வண்டியாகக் குப்பை அடித்தார்கள். ஆட்டுக் கிடை போட்டார்கள். கிடை போடுவதற்கு ஆட்டுக்காரருக்குக் கூலியும் கொடுத்தார்கள். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் மிளகாயும் அந்த உரத்தில் விளைந்தவை.

சாணத்தை எருவாட்டியாகத் தட்டி அடுப்பில் எரித்தால் தழைச்சத்து புகையோடு போய்விடுகிறது. வாயுக் கலத்தில் போட்டால்? இங்கேதான் ஒரு நல்ல செய்தி. வாயுவாக வெளியேறுவது பெரும்பாலும் கரிச்சத்தும் ஹைட்ரஜனும்தான். தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து மூன்றும் கலத்துக்குள் மிஞ்சும் கழிநீரிலேயே தங்கிவிடுகின்றன. ஒரே சாணம் இரண்டு வேலை செய்கிறது!

ஆனால் ஒரு நிபந்தனை: அந்தக் கழிநீர் எந்தக் காட்டிலிருந்து சாணம் வந்ததோ அந்தக் காட்டுக்கே திரும்பவேண்டும். வாயு பஸ்ஸுக்குப் போய், உரமும் மூட்டை மூட்டையாக வெளியூருக்குப் போய்விட்டால் கரிசல் பட்டினி கிடக்கும். இரண்டாம் வருஷம் விளைச்சல் அதைச் சொல்லிவிடும்.

அப்படிப் போய்விடுமா? போகக்கூடிய காரணம் இருக்கிறது. கிலோ சாணத்துக்கு ஒரு ரூபாய் கொடுத்தால் ஒரு கிலோ வாயுவுக்குச் சாணச் செலவே 60 ரூபாய். 2018 அக்டோபரில் மத்திய அரசாங்கம் இதற்கென்று ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியபோது அறிவித்த கொள்முதல் விலை கிலோவுக்கு 46 ரூபாய்! பிறகு விலையை ஏற்றினார்கள் என்றாலும், வாயுவை மட்டும் விற்றுச் சாண ஆலைக்குக் கட்டுபடியாவது கஷ்டம். உரத்தை நல்ல விலைக்கு விற்றால்தான் கணக்கு நேராகும். யார் அதிக விலை கொடுப்பார்? மழையை நம்பிக் கிடக்கும் சம்சாரியா, பாசன வசதியுள்ள தோட்டக்காரரா? யோசித்துப் பாருங்கள்.

தண்ணீருக்கு எங்கே போவது?

சாணத்தைக் கரைக்க, எடைக்கு எடை தண்ணீர் ஊற்றவேண்டும் என்பது வழக்கமான முறை. மதுரை பஸ்ஸின் ஒரு நடைக்கு 3,000 லிட்டர் தண்ணீர்! கோவில்பட்டிப் பக்கம் வருஷத்துக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதுவும் பெய்தால் உண்டு. சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணித் தண்ணீரைக் குழாயில் கொண்டுவந்து குடிக்கும் ஊர் இது. குடத்தோடு குழாயடியில் நிற்கும் தாய்மார்களிடம், பஸ்ஸுக்குத் தண்ணீர் வேண்டும் என்று கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

இதற்கும் உரக் கேள்விக்கும் சேர்த்து ஒரு சின்ன கிராமம் பதில் சொல்லியிருக்கிறது.

புரா கிராமத்துப் பாடம்

கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டம் குணிகல் தாலுகாவில் புரா என்றொரு கிராமம். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த பேராசிரியர் ஏ.கே.என். ரெட்டியும் அவருடைய சகாக்களும் அங்கே ஊருக்குப் பொதுவாகச் சாண வாயுக் கலம் கட்டினார்கள். 1987 முதல் அந்த வாயு, கொஞ்சம் டீசலோடு சேர்ந்து ஒரு எஞ்சினை ஓட்டியது. அதில் வந்த மின்சாரம் குடிதண்ணீர் இறைத்தது. வீடுகளில் விளக்கு எரித்தது.

அங்கே வகுத்த ஒழுங்குதான் முக்கியம். ஒவ்வொரு வீட்டாரும் சாணத்தைக் கொண்டுவந்து எடை போட்டுக் கொடுப்பார்கள். சுமந்து வந்ததற்குக் கிலோவுக்கு 2 பைசா கூலி. அவரவர் கொடுத்த அளவுக்கு ஏற்ப, வாயு போன எருவைத் திரும்ப எடுத்துப் போவார்கள். கழிநீரை மணல் படுகையில் வடிகட்டினார்கள். மேலே தங்கியது உரம்; கீழே வடிந்த நீர் அடுத்த நாள் சாணம் கரைக்க உதவியது. உரமும் ஊரை விட்டுப் போகவில்லை. தண்ணீர்ச் செலவும் குறைந்தது.

புரா எஞ்சின் ரோட்டில் ஓடவில்லை. நின்ற இடத்தில் ஓடியது. ரோட்டு வண்டிக்கு உதாரணம் வேண்டுமானால் குஜராத்தைப் பார்க்கவேண்டும். ராஜஸ்தானை ஒட்டிய பனாஸ்காந்தா, நம் கரிசலைப்போலவே மழைக்கு ஏங்கும் மாவட்டம். அங்குள்ள பனாஸ் பால் கூட்டுறவுச் சங்கம் 2020-ல் தாமா என்ற கிராமத்தில் சாண வாயு ஆலை திறந்தது. சுற்று வட்டாரத்துப் பால்காரக் குடும்பங்களிடம் கிலோ ஒரு ரூபாய்க்குச் சாணம் வாங்குகிறார்கள். நாளொன்றுக்கு 40 டன் வரை கரைத்து, 500 கிலோவுக்கு மேல் வாயு எடுத்து, பக்கத்திலேயே பங்க் வைத்து வண்டிகளுக்குப் போடுகிறார்கள். உரத்தையும் விற்கிறார்கள். ஆலைக்கு முதலாளி பாலுற்றும் விவசாயிகளின் சங்கமே என்பதால், லாபம் வந்தாலும் வீட்டுக்குள்தான் வரும்.

கரிசலுக்கு ஏற்ற வழி

புராவின் ஒழுங்கையும் பனாஸின் கூட்டுறவையும் ஒன்றாகச் சேர்த்தால் கோவில்பட்டிக்கு வழி பிறக்கும்.

பெரிய ஆலை ஒன்று கட்டி ஐம்பது மைலிலிருந்து சாணம் சுமப்பதில் அர்த்தமில்லை. வாயுவில் மிச்சம் பிடித்த டீசலை லாரி குடித்துவிடும். பால் சங்கம் நன்றாக நடக்கும் நாலைந்து கிராமங்களுக்கு நடுவே ஒரு கலம் போதும். அது மதுரை பஸ்ஸை ஓட்டாவிட்டால் பாதகமில்லை. பால் வண்டியையும் பத்து ஆட்டோவையும் ஓட்டட்டும். கோவில்பட்டி மார்க்கெட்டின் காய்கறிக் கழிவும் ஹோட்டல் எச்சமும் வந்து சேர்ந்தால் வாயு கூடும். கழிவில் உள்ள ஈரமே தண்ணீருக்கும் ஓரளவு ஈடு கட்டும்.

எல்லாம் வாயு தரும் என்றும் நினைத்துவிடக்கூடாது. பருத்தி மாரும் சீமைக் கருவேல விறகும் மரத்தன்மை உள்ளவை. கலத்துக் கிருமிகளுக்கு அவை எளிதில் செரிக்காது. அவற்றுக்கு அடுப்பும் கரிமூட்டமும்தான் இடம்.

ஆபத்தும் உண்டு. மூடிய குழிக்குள் கந்தக வாயு தேங்கினால் இறங்கிய ஆள் மேலே வரமாட்டார். கசியும் மீதேனும் லேசுப்பட்டதல்ல. நூறு வருஷக் கணக்கில், பூமியைச் சூடாக்குவதில் கரியமில வாயுவைப்போல் ஏறக்குறைய 28 மடங்கு பொல்லாதது. ஒழுகும் கலம் வைத்துக்கொண்டு ஊரைக் குளிரவைக்கிறோம் என்று சொல்லமுடியாது.

அரசாங்கமும் அவசரப்படுகிறது. 2018-ல் திட்டம் போட்டபோது 2023-க்குள் 5,000 ஆலைகள் என்றார்கள். அந்த இலக்கின் பக்கத்தில்கூட வரமுடியவில்லை. இப்போது நகர வாயுக் கம்பெனிகள் தாங்கள் விற்கும் இயற்கை வாயுவில் இந்த வாயுவையும் சேர்த்தே தீரவேண்டும் என்று உத்தரவு. 2025–26-ல் நூற்றுக்கு 1 பங்கு. 2028–29-ல் 5 பங்கு. ஆகவே சாணம் தேடி ஆள் வரும் காலம் தூரத்தில் இல்லை.

வருகிறவரிடம் சம்சாரி என்ன கேட்கவேண்டும்? “கிலோ என்ன விலை?” என்று மட்டும் கேட்டால் போதாது. “எரு எத்தனை வண்டி திரும்பி வரும்?” என்று கேட்டு, அதைப் பத்திரத்தில் எழுதி வாங்கிக்கொள்ளவேண்டும்.

வாயு ரோட்டுக்குப் போகட்டும். எரு காட்டுக்கு வரட்டும். அப்படி நடந்தால் கொள்ளிவாய்ப் பிசாசைக் கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டிலேயே வரவேற்கலாம்!